கல்யாண ராஜ்யம் என்றால் என்ன?

ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நான் கேட்ட இரண்டு மதிப்பெண் கேள்வி இது. பிள்ளைகள் எழுதிய பதில்களின் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான்: அரசாங்கமே ஏழைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் நாடு. ஒரு பையன் தாலி, வேட்டி, சேலை, குத்துவிளக்கு என்று சீர்வரிசையையும் சேர்த்திருந்தான். கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் மட்டும் கொஞ்சம் யோசித்து, "கல்யாணம் ஆனவர்கள் மட்டும் ஓட்டுப் போடும் நாடு" என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியர் அறையில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை எல்லோரும் சிரித்தோம். சாயங்காலம் சந்தாபுராவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு எனக்கு நின்றுபோனது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூரில், ஜீவனஹள்ளிப் பக்கத்தில் ஓர் அரசுத் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தேன். எங்கள் புத்தகங்கள் கன்னடத்திலிருந்து தமிழாக்கப்பட்டவை. கன்னடத்தில் 'கல்யாண' என்றால் திருமணம் மட்டுமல்ல, நலம் என்றும் பொருள். மக்களின் நலத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசு என்பதுதான் பாடம். தமிழாக்கியவர் சொல்லை அப்படியே தூக்கி வைத்துவிட்டார். ஆனால் எனக்கு அது தெரியாதா? மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பா மாநில அரசாங்க வேலையில் இருந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். தெரிந்திருந்தும், அந்தப் பக்கத்தை ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு, பதிலுக்கு அடியில் பென்சிலால் கோடு போடச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

நான் கணக்கு டீச்சர். சமூக அறிவியல் ஆசிரியர் ஓய்வு பெற்றபோது அவருடைய பீரியடுகள் என் தலையில் விழுந்தன. வரலாற்றை வேகமாக ஓட்டி, குடிமையியலைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் முடிப்பது வழக்கம். மறுநாள் அந்தக் கேள்விக்கு வகுப்பு முழுவதற்கும் இரண்டு மதிப்பெண் போட்டேன். புத்தகத்தில் இருந்ததைத் தங்களுக்குத் தெரிந்த தமிழில் புரிந்துகொண்டது அவர்கள் குற்றமல்ல.

அந்த மாதமே அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வரலாறு, குடிமையியல் கற்பிப்பதை மேம்படுத்தப் பத்து நாள் பயிற்சி. கணக்குக்கும் அறிவியலுக்கும் பயிற்சி வந்து பார்த்திருக்கிறேன். இந்தப் பாடத்தைப் பொருட்படுத்தி யாராவது கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சோஷியல் டீச்சர் போயே ஆகணும்மா. நீங்க போயிட்டு வாங்க."

"நான் மேத்ஸ் மேடம்."

"ரிஜிஸ்டர்ல நீங்க சோஷியல்."

பயிற்சிக்கு நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லாம் கன்னட வழிப் பள்ளி ஆசிரியர்கள். நானும் ஓர் உருதுப் பள்ளி ஆசிரியரும் மட்டும் வேறு. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் ஒதுங்கினோம். பயிற்சியை நடத்தியவர் கல்வித் துறை அதிகாரி, ஐம்பதை நெருங்கும் பெண். அவர் பேச ஆரம்பிக்காமல் எங்களைப் பேசச் சொன்னார். புத்தகத்தில் உங்கள் பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. எழுந்திருக்கத்தான் தயக்கம். காவிரித் தண்ணீரை வைத்து ஊர் கலங்கிய நாட்கள் அதிகம் பின்னால் போய்விடவில்லை. அந்த நாட்களில் பஸ்ஸில் வாயைத் திறக்காமல் போய்வந்தவள் நான். அந்தக் கூடத்தில் எழுந்து, நான் தமிழ் மீடியம், கன்னடச் சொல்லால் எங்களுக்குக் குழப்பம் என்று எப்படிச் சொல்வது? பக்கத்திலிருந்த உருதுப் பள்ளி ஆசிரியரிடம் மெதுவாகக் கதையைச் சொன்னேன். அவர் முழங்கையால் இடித்தார். "போலோ மேடம், ஹமாரா பீ ஐசாச் ஹை." எங்கள் பாடும் இதுதான், சொல்லுங்கள் என்கிறார்.

எழுந்து கன்னடத்தில் சொன்னேன். கூடம் குலுங்கிச் சிரித்தது. உட்காரப் போனேன். அதற்குள் ஆனேக்கல் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கையைத் தூக்கிவிட்டார். "நம்ம மக்களூ ஹங்கே பரீத்தாரெ மேடம்!" எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கன்னட வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கல்யாணம் என்றால் முதலில் மேளச் சத்தம்தான் கேட்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பத்து நாளும் நான் ஒதுங்கி உட்காரவில்லை.

சிரிக்காதவர் அதிகாரி ஒருவர்தான். டீ இடைவேளையில் கையில் கப்போடு என்னிடம் வந்தார். புதுப் புத்தகங்கள் தயாராகின்றன, தமிழாக்கக் குழுவில் சேர முடியுமா என்று கேட்டார். நான் பண்டிதை இல்லையே என்றேன்.

"பண்டிதரு இத்தாரெ. மக்கள ஜொத்தெ இரோரு பேக்கு." பண்டிதர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளோடு இருப்பவர்கள்தான் வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். தும்பைப் பூப்போல வேட்டி, தூய தமிழ். அடுத்தவர் அத்திபெலேயில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாதவர். முதல் சனிக்கிழமை, நான் எப்படி அங்கே வந்தேன் என்று பேராசிரியர் விசாரித்தார். நானும் உற்சாகமாகக் கல்யாண ராஜ்யக் கதையைச் சீர்வரிசையோடு சொன்னேன். பேராசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எந்த மகானுபாவன் எழுதினானோ!"

"நான்தாங்க எழுதினேன்" என்றார் அத்திபெலே ஆசிரியர்.

அதன் பிறகு அன்று முழுக்க மூன்று பேரும் தாளைப் பார்த்தே பேசினோம். வேலை முடிந்து கிளம்பினால், அவருக்கும் எனக்கும் ஒரே பஸ். சந்தாபுராவைத் தாண்டித்தான் அத்திபெலே. நிறுத்தத்தில் பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சுக்கோங்க சார். தெரியாம பேசிட்டேன்."

"நீங்க உள்ளதத்தான சொன்னீங்க." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "மொதல்ல நான் மக்கள் நல அரசுன்னுதான் எழுதினேன் மேடம். சரி பாக்குறவரு, மூலத்துல இருக்கிற வார்த்தைய ஏன் மாத்தினன்னு கேட்டாரு. திருப்பிக் கல்யாணமே போட்டுட்டேன்."

"ஏன் சார் விட்டுக் குடுத்தீங்க?"

"என்னன்னு சண்ட போடறது? ஏழாங்கிளாஸ் பசங்க இத எப்படிப் படிப்பாங்கன்னு எனக்கே தெரியாது. நான் ஐஸ்கூல்ல இலக்கணம் நடத்துறவன்."

"அப்ப எங்க கிளாஸுக்கு வாங்க. வந்து நீங்களே பாருங்க."

அவ்வளவு சுலபமாக வந்துவிட முடியாது. அச்சாகாத பாடத்தை வகுப்பில் நடத்தக் கூடாது. வேறு பள்ளி ஆசிரியர் வேலை நாளில் வரக் கூடாது. பேராசிரியருக்கோ பிள்ளைகளைக் கேட்டு மொழிபெயர்ப்பதே பிடிக்கவில்லை. அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார், எத்தனை நாள், எந்த வகுப்பு. மறு வாரம் எங்கள் இரண்டு பள்ளிக்கும் கடிதம் வந்தது. ஒவ்வொரு பாடத்தையும் அச்சுக்குப் போகும் முன் ஒரு வகுப்பில் வாசித்துப் பார்க்க அனுமதி. அரசாங்க ஆதரவு என்று கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதை நான் கையில் வாங்கிப் பார்த்தது அந்த அரைப் பக்கக் கடிதத்தில்தான்.

புதன்கிழமை அத்திபெலே ஆசிரியர் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். பேராசிரியரின் விருப்பப்படி இப்போது அது 'சேமநல அரசு' ஆகியிருந்தது. நிறுத்தி நிதானமாக, அழகாக வாசித்தார். வாசித்து முடித்து, என்ன புரிந்தது என்று கேட்டார். முன் வரிசைப் பையன் எழுந்தான்.

"சேமியா குடுக்கிற அரசாங்கமா சார்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் தாளில் அந்தச் சொல்லைச் சுழித்தார். பிறகு தாளை மேசையில் கவிழ்த்துவிட்டு, பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"சரி, அரசாங்கம் நமக்கு என்னென்ன செய்யுது? சொல்லுங்க."

ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெருக்குழாய் என்று வந்தது. "கொழாய் இருக்குது சார், தண்ணிதான் வர்றதில்ல" என்றான் ஒருவன்.

"வரலன்னா என்ன பண்றது?"

"போய்க் கேக்கணும்." கடைசி பெஞ்ச்சிலிருந்து வந்தது குரல். கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று எழுதிய அதே பெண். "எங்கம்மாவும் பக்கத்து வூட்டு ஆயாங்களும் கொடத்தோட போயி எங்க வார்டு கார்ப்பரேட்டர் வூட்டு முன்னாடி உக்காந்துட்டாங்க சார். ரெண்டு நாள்ல வந்துச்சு."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க அவங்களுக்கு?"

"யாரும் சொல்லல. ஓட்டு வாங்கினாங்க இல்ல?"

நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் குடிமையியல் வராது என்று நினைத்திருந்தேன். அவளுக்கு வராதது நாங்கள் எழுதி வைத்திருந்த தமிழ்தான்.

'மக்கள் நல அரசு' பாடத்துக்குள் மறுபடியும் வந்தது. பேராசிரியர் சொல்லை ஒத்துக்கொண்டார். அந்தப் பெண் சொன்னதுபோல் போய்க் கேட்பதைப் பற்றியும் எழுதலாம் என்றோம்; பாடத்தில் ஒரு வரியும் கூட்டக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த உரிமை இல்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வழக்கை அதிகாரியிடம் கொண்டுபோனோம். பாடத்தைத் தொடாதீர்கள், பயிற்சிப் பகுதியில் நீங்கள் எழுதலாம் என்று முடித்து வைத்தார். அப்படித்தான், உங்கள் தெருவில் ஒரு வசதி கிடைக்காவிட்டால் யாரிடம், எப்படிக் கேட்பீர்கள் என்ற கேள்வி புத்தகத்தில் ஏறியது.

வரலாற்றுப் பகுதிக்கு வந்தபோது நாங்கள் தேறியிருந்தோம். பெங்களூரைப் பற்றிய பாடம் அது. கோட்டை கட்டியவர்கள், ஆண்டவர்கள், கண்டோன்மெண்ட் அமைத்த வெள்ளைக்காரர்கள். அத்திபெலே ஆசிரியர் வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்ச் கையைத் தூக்கியது.

"எங்க தாத்தாவோட அப்பா ஆற்காட்டுப் பக்கத்துல இருந்து பட்டாளத்துக் குதிரைக்குப் புல்லறுக்க வந்தாராம். அது வரலாறா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாம், அதுவும் வரலாறுதான்" என்றேன் நான். அப்போது அதைச் சொல்ல எனக்கு எந்தப் புத்தகத்தின் துணையும் தேவைப்படவில்லை.

உங்கள் குடும்பத்தில் இந்த ஊருக்கு முதலில் வந்தவர் யார், எங்கிருந்து, எதற்கு, இதை யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள் என்று நான்கு கேள்வி எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் தாள்கள் வந்தன. ரயில் தண்டவாளம் போட வந்தவர், பங்களாவில் சமைக்க வந்தவர், ஆலையில் நூல் சுற்ற வந்தவள், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தவள். ஒரு பையன், "எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, இரண்டு பாட்டிகளும் வேறு வேறு சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தான். வரலாற்றாசிரியர்களுக்கே உள்ள தொல்லை அவனுக்குப் பதின்மூன்று வயதில் வந்துவிட்டது.

தாள்களைச் சனிக்கிழமை பேராசிரியர் முன் வைத்தேன். வேண்டா வெறுப்பாக எடுத்தவர், டீ ஆறும் வரை கீழே வைக்கவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் பாட்டனார் எதற்காக வந்தார் என்று நான் கேட்டதே இல்லை அம்மா" என்றார். பிறகு, அவராகவே, "இதைப் பயிற்சியில் சேருங்கள். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

ஜூன் மாதம் புத்தகம் வந்தது. புது மையின் வாசனையோடு கட்டைப் பிரித்து, முதலில் அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. மற்றபடி எங்கள் தமிழ். கடைசி பெஞ்ச்சுப் பெண் அதற்குள் எட்டாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். ஒரு நாள் தங்கச்சியைக் கொண்டுவிட வந்தவளிடம் புத்தகத்தைக் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள். "நல்லாதான் இருக்குது மிஸ். நாங்க போனப்பறம் ஈஸியாக்கிட்டீங்க" என்று கோபித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் கணக்குக்குத் திரும்பக் கேட்கவில்லை. தமிழ் வழி ஆசிரியர்களுக்கென்று கோடை விடுமுறையில் முதல் முறையாகத் தமிழிலேயே பயிற்சி நடந்தபோது, அத்திபெலே ஆசிரியரும் நானும்தான் நடத்தினோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் அதிகாரி என்னை வரச் சொல்லி ஆளனுப்பினார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன அவருக்கு. பிள்ளைகள் எழுதிய அந்தத் தாள்களின் நகல் அவர் மேசையில் கிடந்தது. புத்தகத்தைத் திருத்துகிறார்கள், இந்தக் குடும்ப வரலாற்றுப் பயிற்சி கன்னடப் புத்தகத்திலும் வர வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். இத்தனை காலமும் கன்னடத்திலிருந்து தமிழுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஓசூர் ரோட்டு நெரிசலில், பஸ்ஸிலேயே அந்த ஒரு பக்கத்தை எழுதினோம். தமிழில் 'பிழைக்க வந்தவர்கள்' என்று ஓரிடத்தில் இருந்தது. அதற்கு அத்திபெலே ஆசிரியர், "ஹொட்டெபாடிகே பந்தவரு, வயித்துப்பாட்டுக்கு வந்தவங்கன்னு போட்டுடலாமா மேடம்?" என்றார்.

"வேணாம் சார். ரோடு போட்டிருக்காங்க, ஆலைய ஓட்டிருக்காங்க, ஊரையே கட்டிருக்காங்க. கெலசக்கே பந்தவருன்னு போடுங்க. வேலைக்கு வந்தவங்க."

அவர் யோசித்து, அடித்துவிட்டு அப்படியே எழுதினார். அதிகாரி ஓர் எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த அச்சில் தமிழிலும் அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டோம்.