மாட்டுக் கழுத்து உயரத்தில் ஒரு கொக்கி

நான் கவிதை எழுதுகிறவன், இரும்பை மரியாதையோடு பார்க்கிறவன். மழையில் துருவேறி, வெயிலில் சுட்டு, யாரிடமும் கெஞ்சாமல் கிடக்கிற அதன் கர்வம் எனக்குப் பிடிக்கும். அந்தக் கர்வத்தை என் மச்சான் ஒரே வாரத்தில் சந்தி சிரிக்க வைத்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. எங்கள் மூலக்குளத்தில் நேற்று கரும்பு நின்ற இடத்தில் இன்று மனைக்கல் நிற்கும். என் மனைவி துணிக்கடை வேலையை உதறிவிட்டு, வளையல்களை விற்று, யாரோ ஓட்டிச் சலித்த ஒரு சின்ன டிராக்டரை வாங்கினாள். ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி ஐஸ் ஏற்றித் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன்படகுகளுக்குப் போடுவது அவள் திட்டம். படகுக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை படகு கிளம்புவதற்குள் ஐஸ் வந்து சேர்ந்தால் இனி தினமும் அவளிடமே வாங்குவார். வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வீட்டில் அந்தத் திங்கட்கிழமையைத் தவிர வேறு பேச்சே இல்லை.

டிராக்டர் இருந்தது. பின்னால் இழுக்க, அவள் அப்பா விட்டுப்போன டயர் மாட்டுவண்டி இருந்தது. மாடுகள் போய்ப் பல வருடமாயிற்று. இரண்டையும் சேர்க்க ஒரு கொக்கி வேண்டும், அவ்வளவுதான். ஏதாவது லேத் பட்டறையில் சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். ஊரில் சொல்தா என்பார்கள். அங்கே அவர் என்ன செய்தார் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். அவர் அம்மாவுக்கு அவர் விமானத்திலிருந்து குதித்தவர். எனக்கு டாங்கி பழுது பார்த்தவர். ஒருமுறை நல்ல போதையில், கிடங்கில் கம்பளி எண்ணியவர்.

"லேத்துக்காரனுக்கு இன்னா தெரியும் மாப்ள? ரெஜிமான்ல நான் டாங்கியவே கட்டி இழுத்தவன்" என்றார். கம்பளி எண்ணிய கைகள் வெல்டிங் செட்டை வாடகைக்கு எடுத்தன.

உடைந்த கட்டிலின் சட்டம், பழைய ஜன்னல் கம்பி, யார் வீட்டுக் கேட்டிலிருந்தோ கழன்ற ஆங்கிள் துண்டு, எல்லாம் முற்றத்தில் வந்து குவிந்தன. முகமூடி கோழைகளுக்காம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்தார். சாயங்காலம் எரிகிற கண்ணில் உருளைக்கிழங்கு வில்லைகளோடு மல்லாந்து கிடந்தபடி, பாரிஸில் வெளிச்சமே வேறு மாதிரி என்று புலம்பினார். தெரு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவராவது ஒரு கம்பியைத் தூக்கிக் கொடுத்ததில்லை. நானும் அந்த நிழலில்தான் நின்றேன், நெருப்புப் பூ உதிர்வதை ரசித்துக்கொண்டு.

டிராக்டருக்குப் பின்னால், அச்சுக்கும் கீழே, இழுப்பதற்கென்றே ஒரு தட்டு இருந்தது. மாட்டுவண்டியின் முன்மரமோ மாட்டின் கழுத்துக்காகச் செய்தது, நெஞ்சு உயரத்தில் நிற்கும். மரத்தைக் கொஞ்சம் அறுத்து, முனையில் கீழே இறங்குகிற மாதிரி ஓர் இரும்பைப் பூட்டினால் போதும். மச்சான் மரத்தைத் தொடவே விடவில்லை. வண்டி பாகம் பிரிக்காத சொத்து. பாதி அவருடையது, பாதி காரைக்காலில் இருக்கும் தம்பியுடையது. தங்கையை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஒரு ஆணி அடிச்சாலும் அவன் கேஸ் போடுவான். டிராக்டர்ல எவனுக்கும் பாகம் இல்ல. அதுல எவ்ளோ வேணா அடிக்கலாம்."

அடித்தார். வராத மாட்டின் கழுத்தைத் தேடிக்கொண்டு டிராக்டரின் முதுகில் ஏறியது இரும்பு. தூக்குமரம் போல ஒன்று எழுந்தது, அதன் உச்சியில் கொக்கி. இவ்வளவு உயரம் வேண்டுமா என்று மனைவி கேட்டாள். "செ போன்" என்றார் அவர். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். கேள்வி கேட்பவர்களை அவர் பிரெஞ்சில்தான் அடக்குவார்.

திங்கள் காலை தூக்குமரத்துக்குச் சாமந்தி மாலை போட்டார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஐஸ் கட்டிகளை அடுக்கி, உமி தூவி, சாக்குப் போட்டு மூடினோம். மனைவி ஓட்டினாள். நானும் மச்சானும் வண்டியில், ஐஸ் மேல். சமதளத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது. மச்சான் எதிரே வந்த பஸ்களுக்கெல்லாம் கையசைத்தார்.

துறைமுகத்துக்கு முந்தைய பாலத்து மேட்டில், உச்சிக் கொக்கியைப் பிடித்துப் பாரம் பின்னுக்கு இழுத்தது. டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு மெதுவாக மேலெழுந்தன, குட்டிக்குதிரை முன்னங்காலைத் தூக்குவதைப் போல. அவள் கிளட்ச்சை மிதித்தாள். தொப்பென்று விழுந்தன. மறுபடி முயன்றாள். மறுபடியும் தூக்கியது. நான் குதித்து வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சாக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் தார்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே, படகில் எஞ்சின் புகை கிளம்பிவிட்டது.

மச்சான் காரணம் கண்டுபிடித்தார். ரோடு போட்டவன் சரியில்லை. ஐஸ் அடுக்கினவன் சரியில்லை.

மனைவி இறங்கி வந்தாள். தூக்குமரத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் வயிற்றைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"அண்ணே, முன்னாடி ஏறி ஒக்காரு."

"எங்க?"

"பானெட் மேல."

"நான் யாரு தெரியுமா? ஒரு சொல்தாவப் போயி..."

"ஐஸ் உருகுதுண்ணே."

ஏறினார். முன்சக்கரங்கள் இன்னும் துள்ளின. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் போங்க."

இப்படித்தான் நாங்கள் தேங்காய்த்திட்டுக்குள் நுழைந்தோம். தேரை இழுப்பதாகப் பாவனை செய்துகொண்டு முன்னால் தொங்குகிற மரக்குதிரைகளைப் போல, ஒரு சொல்தாவும் ஒரு கவிஞனும், சூடேறிய தகரத்தின் மேல், பின்புறம் வெந்துகொண்டு. மீன் ஏலம் அப்படியே நின்றது. படகுக்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை. ஐஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார், கட்டிகள் படகில் இறங்கின.

கூடையோடு நின்ற ஒரு மீன்காரம்மா கேட்டாள்: "இன்னாம்மா, இந்த ரெண்டும் தெனமும் வருமா?"

"இன்னிக்கு மட்டுந்தாங்க்கா. நாளைக்கு லேத்துக்காரர் கொக்கிய எறக்கிடுவாரு."

நாளை வரை அவள் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே, எங்கள் இருவரையும் கூப்பிடாமல், வண்டியோடு பட்டறைக்குப் போய் அதன் முன்மரத்தையும் அறுத்துவிட்டாள். அந்த நேரத்தில் மச்சான் டீக்கடையில், முன்னால் பாரம் வைப்பது பட்டாளத்து முறை என்று விளக்கிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் அரண்டுபோய்க் காரைக்காலுக்கு போன் போட்டார், தம்பி கேஸ் போடுவதற்குள் தானே சொல்லிவிடலாமென்று.

தம்பி நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டாராம்: "எந்த வண்டிண்ணே?"