துடித்துக்கொண்டிருந்த இதயம்

மலேசியாவின் கிள்ளானில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்தபோது, உயிரியல் வகுப்பில் தவளையை அறுத்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து போட்டு எங்கள் தவளையை அடைத்திருந்த புட்டியை என் தோழி திறந்ததும், அது விழித்துத் துள்ளியது. அவள் அதைக் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு போய்ப் பின்பக்கக் கால்வாயில் விட்டுவிட்டாள்.

“தவளை எங்கே?” என்றார் ஆசிரியர்.

“நான்தான் சார் விட்டுட்டேன். பாவமா இருந்துச்சு” என்றாள் தோழி.

அவர் சிரித்துவிட்டார். “சரி லா, பக்கத்து மேசையில போய்ப் பாருங்க.”

போனோம். திறந்திருந்த மார்புக்குள் சின்ன இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை வரைந்தாள். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று சுபாங் ஜெயாவில் என் மகள் கணினித் திரையில் தவளையை அறுக்கிறாள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் மருந்து வாடை அடித்த அந்த அறையில், தோழியின் பக்கத்தில் இன்னொரு முறை நிற்க வேண்டும்போல் இருக்கிறது.