ஒரு பிளேட் என்சிலாடா

அடையாறில் ஒரு பழைய மெக்சிகன் ஹோட்டல் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் திறந்தார்கள். மெக்சிகோக்காரர் யாராவது வந்து சாப்பிட்டால் கேஸ் போடுவார். ராஜ்மா, சீஸ், சல்சா என்ற பெயரில் தக்காளிச் சட்னி. சுவரில் கள்ளிச்செடி ஓவியம், பக்கத்தில் ஆணியடித்து மாட்டிய அகலமான வைக்கோல் தொப்பி. அதை யாரும் தூசி தட்டி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கல்யாண நாள் என்றால் நாங்கள் போவது அங்கேதான்.

இந்த வருஷமும் போனோம். வேறு வேறு ஆட்டோவில்.

என் மனைவி சித்திரையில் அசோக் நகரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் அங்க இருக்கேன்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் முடிகிற மாதிரி தெரியவில்லை. கல்யாண நாளைச் சாக்காக வைத்துக் கூப்பிட்டு, சாப்பிட்டு முடித்ததும் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்பது என் திட்டம். வருகிறேன் என்று அவள் சொன்னதே பெரிய சந்தோஷமாக இருந்தது.

பழைய சர்வர் எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எங்களுக்கு எப்போதும் ஒன் பை டூதான். இந்த ஊரில் சூப்பை ஒன் பை டூ கேட்காத குடும்பம் உண்டா? நாங்கள் என்சிலாடாவையே அப்படிக் கேட்கிறவர்கள். சப்பாத்தி மாதிரி ஒன்றுக்குள் பனீர் வைத்துச் சுருட்டி, மேலே சீஸை உருக்கி ஊற்றியிருப்பார்கள். அதைச் சமையலறையிலேயே சரிபாதியாக வெட்டி இரண்டு தட்டில் கொண்டுவருவார். அன்றும் கொண்டுவந்தார்.

அவள் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "அண்ணா, எனக்குத் தனியா ஒரு ஃபுல் பிளேட் கொண்டு வாங்க."

சர்வர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

வந்தது. சூடு ஆறக்கூட விடாமல் சாப்பிட்டாள். பால்காரரை மாற்றியது, பாத்ரூம் குழாய் ஒழுகுவது என்று நான் யோசித்து வைத்திருந்த பேச்சுக்கெல்லாம் 'ம்' கொட்டினாள். அக்கம்பக்கத்தாரிடம்கூட இதைவிட அக்கறையாக விசாரிப்பாள். என் முன்னால் இரண்டு பாதிகளும் ஆறி விறைத்துக் கிடந்தன. அவள் தட்டில் ஒட்டியிருந்த சீஸை ஸ்பூனால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பவும் பாதிதானே போதும்?" என்றேன். சும்மா, பேச்சைத் தொடங்கத்தான்.

"முதல் தடவை வந்தப்போ அந்த அண்ணன்கிட்ட நீங்கதான் அப்படிச் சொன்னீங்க." குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு எனக்கு நல்ல பசி."

வாயைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ புக் பண்ண ஃபோனை எடுத்தாள். அசோக் நகருக்குத்தான். வீட்டுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவே இல்லை.