மன்னிக்கப்பட்டவரின் ஆட்சேபம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் தம்பியைப் பதினெட்டு ஆண்டுகளாக மன்னித்துக்கொண்டே இருந்தார். மேடையில், மைக்கில், மிஷன் அனுப்பிய ஊர்களில் எல்லாம். அவர் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரான அன்று, தம்பி அவரை அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அவரோ கிறிஸ்துவுக்குள் புது மனிதனாகி அவனை மன்னித்துவிட்டார். இதுதான் சபைகளில் அவர் சொல்லும் சாட்சி. கேட்டு அழாதவர் இல்லை. தம்பிக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

தம்பி வாடகை வேன் ஓட்டுபவர். சவாரிக்கு ஏறிய சபையார் ஒருவர் மெக்கானிக்கின் கதையைச் சொல்லி, அந்தத் தம்பிக்காக ஜெபிப்பதாக உருகியபோதுதான், தான் இத்தனை காலம் மன்னிக்கப்பட்டு வருவது அவருக்குத் தெரிந்தது. அந்த வாரமே அம்மா பக்கவாதத்தில் படுத்தார். பார்க்கப் போன அண்ணனைத் தம்பி வீட்டு வாசலில் மறித்தார்.

"நான் உன்னை அடிச்சேனா அண்ணே?"

அடிக்கவில்லை. தள்ளவும் இல்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு கிளம்பியதும் கதவை அறைந்ததும் அண்ணன். முதல் மேடையில் நாக்கு லேசாகப் புரண்டது, கூட்டம் அழுதது, பிறகு அதைத் திரும்பப் பெற வழி தெரியவில்லை.

"எங்க சொன்னியோ அங்கயே மாத்திச் சொல்லு. அப்புறம் அம்மாவைப் பாரு," என்றார் தம்பி.

மெக்கானிக்கின் சபைப் போதகர் ஒப்புரவாகுதலைப் பற்றித் தடிமனாக ஆய்வெழுதிப் பட்டம் வாங்கியவர். சபையில் அதற்கொரு முறையும் வைத்திருந்தார்: பீடத்துக்கு முன் இரண்டு நாற்காலி, தீங்கு செய்தவர் இடப்புறம், பட்டவர் வலப்புறம். எட்டு வருஷமாக இடப்புறத்தில் வெளியாட்களே உட்கார்ந்தார்கள். மெக்கானிக் தம்பியைப் பற்றிப் பேச வந்ததும், அவரையும் அங்கே உட்காரவைக்கலாம் என்றார். மெக்கானிக் உண்மையைச் சொன்னார்.

"அந்தச் சாட்சியால எத்தனை பேர் சபைக்கு வந்திருக்காங்க, தெரியுமாய்யா?" என்றார் போதகர்.

ஞாயிறன்று தம்பி வேன் சாவியும் கையுமாகக் கடைசி வரிசையில் நின்றார். மெக்கானிக் நேரே போய் இடப்புறம் உட்கார்ந்தார். இடம் மாறி உட்கார்ந்துவிட்டார் என்று சபை சிரித்தது. ஒருவர் வலப்பக்கம் கையும் காட்டினார். அவர் நடந்ததைச் சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை.

"பொய்யைச் சொல்லியா எங்களை அழ வெச்சீங்க?" என்றார் முன்வரிசையில் ஒரு பெண்மணி.

தம்பியை வலப்புறம் அழைத்தார்கள். உட்கார நேரமில்லை என்று வெளியே போனார். மெக்கானிக் பின்னாலேயே போனார். வழியனுப்ப யாரும் வரவில்லை.

"பின்னாடி ஏறு," என்றார் தம்பி. "அம்மாகிட்ட எவ்வளவு வேணா பேசு. என்கிட்ட பேசாத. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பாதி வழியில இறக்கி விட்டுடுவேன்."

மெக்கானிக் ஏறினார்.