நாலடி வயர்

சிங்காநல்லூரில் ஒரு பம்பு மோட்டார் பட்டறையில் இருபது வருடமாகச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே எங்கே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொள்வேன். அதில் பாதி பொய். ஆனாலும் கரண்ட் விஷயம் என்று வந்துவிட்டால் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்தார். சரவணம்பட்டிப் பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் கரண்ட் வந்திருக்காது. அதனால் பேட்டரியில் ஓடும் டிரில் இல்லாமல் அவருக்கு வேலை நடக்காது. போன வருடம் அதன் பேட்டரி செத்துப்போனது. கடை கடையாக ஏறி இறங்கினார். அந்த மாடல் பேட்டரி இப்போது வருவதில்லை, புது மிஷின்தான் வாங்க வேண்டும் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். மிஷின் கல்லு மாதிரி இருக்கிறது, பேட்டரிக்காக அதைத் தூக்கிப் போடுவதா என்று எனக்குக் கோபம் வந்தது. இங்கே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

பேட்டரிக் கூட்டைப் பிளந்து, உள்ளே பூத்துக் கிடந்த செல்களைப் பிடுங்கி எறிந்தேன். வெறும் கூட்டுக்குள் இரண்டு வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுமுனையை ஒரு பழைய யூ.பி.எஸ். பேட்டரியில் மாட்டினேன். விசையை அழுத்தியதும் டிரில் உறுமிக்கொண்டு ஓடியது. அன்று நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் வேலைக்குக் கொண்டுபோய்விட்டு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். வயர் நாலடிதான் இருந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் பேட்டரியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே ஏணி ஏற வேண்டியிருந்ததாம். பத்தடி விட்டால் கீழேயே வைத்துவிடலாமே என்றார். நான் சிரித்தேன்.

"நீளமா உட்டா வோல்டேஜ் எறங்கிப்போயிருமுங்க. ஸ்க்ரூ பாதியிலயே நின்னுக்கும். உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

சொன்னது சரி. ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. தடித்த வயராகப் போட்டால் பத்தடி தாராளமாக விடலாம். அது எனக்குத் தெரியும். பட்டறைக்குப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். மறுபடி பிரித்துப் பற்றவைக்க அலுப்பாக இருந்தது. அதைவிட, நான் செய்ததில் அவர் ஒரு குறை சொன்னது பிடிக்கவில்லை.

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

அடுத்த வாரம் ஏணி உச்சியில் நின்று மூலைப் பலகைக்குக் கையை நீட்டியிருக்கிறார். பை தோளிலிருந்து சரிந்து ஆளையே ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. ஏணியைப் பிடித்திருந்தால் தப்பித்திருப்பார், பேட்டரி விழாமல் பிடிக்கப் போய்விட்டார் என்று கூட வேலை செய்தவர் போனில் சொன்னார்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் இப்போது அதையும் சொல்வதில்லை. தினமும் காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றிவிட்டுப் பட்டறைக்குப் போகிறேன். இனி எதுவும் மாறாது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் விடிந்துகொண்டே இருக்கிறதே என்று வெறுப்பாக இருக்கிறது.

போன மாதம் தடித்த வயர் வாங்கிவந்து அந்த டிரில்லுக்குப் பத்தடி போட்டேன். அரை மணி நேர வேலை. வேகம் கொஞ்சமும் குறையாமல் ஓடியது. கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து அவருடைய பெரியப்பா மகன் பார்க்க வந்திருந்தார். பேட்டரியைக் கீழே வைத்துவிட்டு ஏறியிருக்கலாமே என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். என் வீட்டுக்காரர் படுத்தபடியே சிரித்தார்.

"வயரு நீளமாயிட்டா வோல்டேஜ் எறங்கிப்போயிருமுங்கண்ணா. எங்க அம்மணிக்குத் தெரியாத கரண்டா? மிசின் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நாந்தான் பாக்காம உழுந்துபோட்டேன்."

வந்தவர் அப்படியா என்பது போல என்னைப் பார்த்தார். ஆமாங்க என்றேன்.