பூசாரிக்கு அருவா கொடுத்த கணக்கப்பிள்ளை

வியாழக்கிழமை காலை கடையில் ஆட்டுத் தலையொன்றைப் பிளந்துகொண்டிருந்தபோது சரசு அக்கா ஃபோனில் கோல் எடுத்தார். "தம்பி, நம்ம கணக்கப்பிள்ளை போயிட்டாரு. மலையில குளவி கொட்டிருச்சு." வெட்டுக்கத்தி தலைக்குள்ளேயே நின்றுவிட்டது. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களோடு நின்றிருக்கிறார் முத்துராசு அண்ணன். கூடு கலைந்து குளவிகள் இறங்கியதும் பெண்களை விரட்டி ஓடவிட்டுத் தான் கடைசியாக ஓடியிருக்கிறார். அந்தத் தொப்பையோடு வேறெப்படி ஓடுவார்!

தோட்டத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வேலை வாங்கும்போதும் குரல் உயர்த்தாத கணக்கப்பிள்ளை. ஹட்டனில் சரசு அக்காவின் தையல் கடையில் ஞாயிறு பகலில் கூடிய எங்கள் மூவருக்கு அவர் பச்சைக் கொலைகாரர். தோட்டத்துத் துரையின் பங்களாவில் கழித்துப் போட்ட காகிதங்களுக்குள் அவருக்கு ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் கிடைத்திருந்தது. அதில் ஒரு விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்து அந்தக் கதைக்குள் போய் அரக்கர்களை வெட்டவேண்டும். யாருக்கு எவ்வளவு உயிர் என்று தாளில் எண் இருக்கும். நாங்கள் அதை ரத்தம் என்போம். எங்களிடம் பகடை இல்லை. இருபது சட்டைப் பொத்தான்களில் எண் எழுதி, தேயிலை டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்போம். பெரிய எண் வந்தால் வெட்டு விழும். ரத்தம் முடிந்தால் ஆள் முடிந்தான். செத்தவனின் தாளை அவனே கிழிக்கவேண்டும். அது அண்ணன் போட்ட சட்டம்.

அவர் போட்ட சட்டங்கள் ஒரு கொப்பி நிறைய இருந்தன. பூசாரி கத்தி தொடக்கூடாது, தடி மட்டுந்தான் என்று புத்தகம் சொன்னதாம். அண்ணன் சிரித்துவிட்டார். "நம்ம முனியாண்டி கோயில் பூசாரி ஒரே வெட்டுல கெடா தலைய எடுக்கிறாரு. அவரு கையில ஒலக்கையக் குடுத்தா முனியே எறங்கி வந்து அடிப்பாரு." அருவா கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. பூசாரி அடுத்தவன் காயத்தை ஆற்றலாம். ஆற்றுகிற ரத்தம் அவனுடைய உடம்பிலிருந்தே போகும். அதைக் கேட்டதும் பூசாரி வேடத்தை ஒருவரும் தொடவில்லை.

அரக்கனின் வயிறு கிழிந்தால் குடல் எந்தப் பக்கம் சரிந்தது என்று அமைதியாகச் சொல்வார். ஒருமுறை நாலு பேய்நாய்கள் சேர்ந்து சரசு அக்காவின் மந்திரவாதியைப் பிய்த்துத் தின்றதை, அக்காவே கொண்டுவந்த, மீன் அடைத்த மாலுபாணைத் தின்றுகொண்டே சொன்னார். "அண்ணே, கொஞ்சம் மென்னுட்டுச் சொல்லுங்க," என்றார் அக்கா. "நாய் மெல்லலையே அக்கா," என்றார். திருடன் வேடமெடுக்கும் ஆட்டோக்கார நிமல் கடித்த பணிஸை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடைய வாள்வீரன் மாயாண்டி இரண்டு வருசம் உயிரோடு இருந்தான். ஒருவனைக் கொன்றால் அதே மூச்சில் அடுத்தவனையும் வெட்டலாம் என்பது வாள்வீரனுக்கு அண்ணன் கொடுத்த சலுகை. ஒரு பகலில் பதினோரு பேரை வெட்டினேன். இன்னொரு சலுகையும் உண்டு: சாகும்படி வெட்டு விழுந்தால் கேடயத்தை உடையவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் பொத்தான் எடுப்பதற்கு முன்பே வாயால் சொல்லிவிடவேண்டும். குகைக்குள் ஒற்றைக்கண் அரக்கன் கோடாரியை ஓங்கினான். நான் நிமலைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பொத்தானை எடுத்துக் காட்டினார். இருபது.

"கேடயம்! கேடயம் உடைஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

"தலைதான் உடைஞ்சது தம்பி. தாளைக் கிழிங்க."

அடித்துவிட்டேன். மாடு வெட்டுகிற கை இது. அவர் முன்பல் ஒன்று தெறித்துத் தையல் துணிக்குள் விழுந்தது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். சரசு அக்கா கத்தரிக்கோலை என் கழுத்துக்கு நேரே நீட்டி, "இன்னொரு தரம் கைய ஓங்கு, அறுத்துருவேன்," என்றார். "ஐயோ மச்சங், எப்பா! வேணாம்!" என்று நிமல் என் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அண்ணன் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "எனக்கு இன்னும் எத்தனை ரத்தம் மிச்சம்?"

இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு அவரே என் கடை வாசலில் நின்றார், ஓட்டைப் பல்லோடு. கொப்பியைப் பிரித்துக் காட்டினார். புதுச் சட்டம் எழுதியிருந்தார்: மேசையில் கை நீட்டினவன் அடுத்து பூசாரி வேடந்தான் எடுக்கவேண்டும்.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"நான் சொல்ற வரைக்கும்."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஈரல் எடுத்துட்டுப் போங்கண்ணே, மெல்லுறதுக்கு லேசா இருக்கும்." அவரும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பூசாரியாக நான் பட்ட பாடு! நிமலின் கை துண்டானால் என் ரத்தம் இறங்கும். அக்காவின் மந்திரவாதி வெந்துபோனால் என் தோல் உரியும். பாதி ஆட்டத்தில் தாளில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். நாலு வருசம் அப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் போவேன். போய் அவர் தொப்பையைக் கிண்டலடித்துவிட்டு வருவேன்.

கடைசி ஞாயிறு அவரே சொன்னார்: "போதும் தம்பி. அடுத்த கிழமை வாள்வீரனாவே வந்துருங்க."

"ஏன், பல்லு மொளைச்சிருச்சா?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சரி, அடுத்த கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

தோட்டத்து லயத்தில், அவர் வீட்டில், சவப்பெட்டிக்குள் இருந்த முகம் அவர் முகமே இல்லை. கண் இருந்த இடம் தெரியாமல் வீங்கியிருந்தது. கழுத்திலும் காதிலும் கொட்டின தடம். அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "போய்யா, சொல்ல வேண்டியதச் சொல்லு." குனிந்து காதோரமாகச் சொன்னேன். பொத்தான் எடுத்த பிறகுதான் சொன்னேன், வழக்கம்போல.

கொப்பியை அவர் மகள் சரசு அக்காவிடம் கொடுத்துவிட்டார். இனிக் கதை நடத்தப்போவது அக்காதான். போன ஞாயிறு மூவரும் உட்கார்ந்தோம். "அவருதான் விட்டுட்டாருல்ல, வாள்வீரன எடுத்துக்க," என்று அக்கா புதுத்தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது அவர் கையெழுத்தில் பெயர் எழுதிய பூசாரியின் தாள். ரத்தம் இரண்டு மிச்சம். நிமலின் திருடன் தோளில் ஈட்டி பாய்ந்து கிடந்தான். ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன்.