கம்ப்ரசர் சத்தத்துக்குள் ஒரு குரல்

திருச்செங்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் அந்த வேலையை விட்டேன். ஸ்டுடியோவில் பழகிய மென்பொருளுக்குச் சந்தா கட்ட வசதியில்லை. திருட்டுப் பிரதி போட மனமில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களான, படம் வடிவமைக்க ஜிம்ப்பையும் வீடியோ தொகுக்கக் கேடன்லைவையும் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இறக்கி, குழந்தை தூங்கும் நேரங்களில் தட்டுத் தடுமாறிக் கற்றேன்.

முதல் வேலை தந்தவர் பக்கத்துத் தெருப் பெண். அவர் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலையாகச் சத்தீஸ்கர் பக்கம் இருந்தார். சொந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கே வர முடியவில்லை. வண்டியருகே நின்று பேசி, அதைச் செல்போனில் வீடியோவாக எடுத்து அனுப்பியிருந்தார். விழா வீடியோவில் அதையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரும் சொந்தங்களுக்கு டிவியில் காட்ட வேண்டும் என்றார் அந்தப் பெண்.

அதில் ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரண்டு நாள் போராடி இரைச்சலைக் குறைத்தேன். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

“இது அவரு கொரலே இல்லீங்க்கா. எப்பப் பேசுனாலும் அந்தச் சத்தத்தோடதான் பேசுவாரு. அது பாட்டுக்கு இருக்கட்டுங்க.”

அந்த இரைச்சலிலும் அவருக்கு எல்லாமே புரிந்தது. நிறுத்தி நிறுத்தி ஓட்டி ஒவ்வொரு வரியாகச் சொன்னார்; நான் படத்தின் கீழே எழுத்தாகத் தட்டினேன். புது ஊட்டைக் கண்ணுல பாக்கோணும்னு இருக்குது, அம்மாவை முன்னாடி ஒக்கார வைங்க, யாரும் சாப்புடாமப் போகாதீங்க. ஓரிடத்தில் மட்டும் அந்தப் பெண் வரியைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். திரும்ப ஓட்டினேன். முகம் சிவந்து, முந்தானையைத் திருகினார்.

“அத எழுத வேண்டாங்க்கா.”

எழுதவில்லை. என்னவென்று நான் கேட்கவும் இல்லை.

விருந்தன்று அவருடைய மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். எழுத்தில்லாத இடம் வந்ததும் எல்லோரும் டிவியை உற்றுப் பார்த்தார்கள். அந்தப் பெண் குழம்பைப் பார்க்கப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கணவர் ஊருக்கு வந்தார். மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வீடியோவைப் பார்த்ததாகச் சொல்லி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்க, ஒரு எடத்துல மட்டும் எழுத்து இல்லீங்களே?”

“எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க,” என்றேன்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைக் காட்டத் தொடங்கினார்.